லாஃப்டில் கிடக்கும் டெபாசிட்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசிக் களைத்த பிறகு, "சார், ஒரு கால் மணி நேரம் லேசாக ஏதாவது பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பாட்டு, மொபைல், இணையம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். பாட்டையும் லெட்ஜர் கணக்காகத்தான் என்னால் பார்க்க முடியும். எது நம் பெயரில் இருக்கிறது, எது வாடகைக்கு வந்திருக்கிறது, எது தொடுவாரில்லாமல் கிடக்கிறது? இந்த மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. அது ரேடியோவில் வரும், போகும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆகாசவாணியிலிருந்து அதை விலக்கி வைத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கித்தான் அரசாங்கம் நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. கேட்கிறவன் ரசனையைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று பிள்ளைகள் கேட்கும் பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வசதியான வீடுகளில் கிராமபோன் இருந்தது. ஆனால் இசைத்தட்டில் கம்பெனி பதிந்து கொடுத்ததைத்தான் கேட்க முடியும். நாம் எதையும் அதில் சேர்க்க முடியாது. அந்த நிலைமையை மாற்றியது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அதை அறிமுகப்படுத்தியது. நம் ஊர்களில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்கியவர்களைப் பார்த்தாலே வயது தெரிந்துவிட்டது!

பாட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த டூ-இன்-ஒன் பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் சாதாரணக் குடும்பத்தின் குரலும் பதிவாகும். ரேடியோவும் கிராமபோனும் தராத உரிமை அது. குழந்தை பேசிய மழலை, தாத்தா சொன்ன கதை, கல்யாண வீட்டு நாதஸ்வரம் எல்லாம் நாடாவில் ஏறின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பதிலும் கேசட்டிலேயே போனது.

அடுத்தது எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. 1995-ல் இந்தப் பெயர் நிலைத்தது. நம் காது பெரிதாகக் கவனிக்காத ஒலிகளைக் கழித்துவிட்டு, பாட்டைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிவிடும். அதன் பிறகு 2005-ல் யூடியூப், 2008-ல் ஸ்வீடனில் ஸ்பாட்டிஃபை, 2019-ல் அது இந்தியாவுக்கு வந்தது என்று பாட்டு மொத்தமும் போனுக்குள் வந்துவிட்டது.

நான் இதற்கெல்லாம் எதிரியில்லை. தினமும் காலையில் நடக்கும்போது போனில்தான் பாட்டுக் கேட்கிறேன். ஒரு காலத்தில் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்காத பாட்டு இப்போது நினைத்த மாத்திரத்தில் வருகிறது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

இருந்தாலும் சில அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடியாவது ஓடினால்தான் கணக்கில் ஏறும். புதுப் பாட்டுகளில் நீளமான முன்னிசை இல்லாமல் பல்லவி எடுத்த எடுப்பிலேயே ஓடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்கிறவன் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவானோ என்ற பயம். இரண்டு, வாட்ஸாப்பில் வரும் பழைய பாட்டுகளில் எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் சரியாக இருந்தால் அது அதிசயம். வாலி எழுதியதைக் கண்ணதாசன் கணக்கில் வரவு வைக்கிறார்கள். வங்கியில் இப்படி என்ட்ரி போட்டால் சாயங்காலம் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மூன்று, வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு இயர்போன். சண்டையில்லாத ஏற்பாடுதான். பி பிளாக்கில் விடியற்காலைப் பக்திப் பாடலுக்கும் இரவு ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் நடந்த வழக்கு நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பாட்டை நாலு பேர் சேர்ந்து கேட்டு, "இது எந்தப் படம்?" என்று வாதம் செய்கிற சந்தோஷம் போய்விட்டது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். முக்கியமான விஷயம் வேறு. போனில் இருக்கும் பாட்டு நம்முடையது அல்ல. மாதச் சந்தா கட்டும்வரை குடியிருக்கும் வாடகை வீடு அது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான். கூகுள் ப்ளே மியூசிக் என்ற சேவையை 2020 கடைசியில் மூடிவிட்டார்கள். மைஸ்பேஸ் என்று ஒரு தளம் இருந்தது. இளம் பாடகர்கள் லட்சக்கணக்கில் அதில் தங்கள் பாட்டுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். சர்வர் மாற்றியபோது பழைய கோப்புகள் அழிந்துபோயின என்று 2019-ல் தெரியவந்தது. 2003 முதல் 2015 வரை, 12 வருடச் சேமிப்பு. கிளவுடில் போட்டுவிட்டேன், இனிமேல் கவலையில்லை என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சினிமாப் பாட்டு போனால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். எங்கேயும் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் மூன்றாவது கேள்வி: தொடுவாரில்லாமல் கிடப்பது எது?

என் அக்கா கல்யாணம் 1987-ல் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் நடந்தது. நலங்கின்போது என் அத்தை பாடியதை, ஸ்டூல் மேல் டூ-இன்-ஒன்னை வைத்துப் பதிவு செய்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரை ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்லிக் கேலி செய்கிற பாட்டு. அத்தையின் அம்மா கட்டிய மெட்டு. சம்பந்தி வீட்டுக்குத் தகுந்தபடி வரிகளை அத்தையே மாற்றிக்கொள்வார். பாதியில் நிறுத்தி, "மிஷின் ஓடறதா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுகிறது. அத்தை காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. அவர் பாட்டில் வரும் வார்த்தைகளைப் போட்டு இணையத்தில் தேடிப் பார்த்தேன். சினிமாவில் வந்த நலங்குக் காட்சி, நகைக்கடை விளம்பரம், மெஹந்தி நடனம் எல்லாம் வந்தன. அத்தை பாட்டு வரவில்லை. எப்படி வரும்? அது உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது: எங்கள் வீட்டு லாஃப்டில், பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில்.

போன வருடம் அதைக் கணினிக்கு மாற்றி, அமெரிக்காவில் இருக்கும் அத்தை பேத்திக்கு அனுப்பினேன். மறுநாள் போன் செய்தாள். "மாமா, பாட்டி பாடறது தெரியறது. நடுவிலே யாரோ 'காபி எங்கே?'ன்னு கத்தறாளே, அது யாரு?" என்று கேட்டாள். அது அவளுடைய தாத்தா. அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். கல்யாண ஆல்பத்தில் அவர் போட்டோ ஏழெட்டு இருக்கிறது. குரல் இந்த மூன்று வார்த்தை அளவுதான் மிஞ்சியிருக்கிறது... சொல்லப்போனால் இரண்டே வார்த்தை.

குரல் எவ்வளவு பெரிய சொத்து என்பது சினிமாக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில், காலமான பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, அவர்களுக்குச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அது சரியா தவறா என்று வாதம் நடந்தது. எனக்கு மிஷின் செய்த அத்தை வேண்டாம். அத்தை உண்மையில் பாடியது அழியாமல் இருந்தால் போதும்.

வங்கியில் ஒரு விதி உண்டு. பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட், ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடும். ஆனாலும் உரியவரோ வாரிசோ ஆதாரத்துடன் வந்து கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். லாஃப்டில் கிடக்கும் கேசட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டி வைத்திருப்பதுதான் கேசட். சூடும் ஈரமும் அந்தப் பசையைக் கெடுக்கும், பூஞ்சை பிடிக்கும். ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி தேயும். கேசட் நன்றாக இருந்தாலும் பிளேயரில் இருக்கும் ரப்பர் பெல்ட் தொய்ந்துவிடும். அதைச் சரி செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், கேசட்டின் முதுகுப் பக்கம் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். தெரியாமல் சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் அழியாது. ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பென்சிலைச் செருகி இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். இறுக்கமில்லாமல் சுற்றினால் சரி. பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள்.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், கணினியில் ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். இவ்வளவுதான் தேவை. 60 நிமிடக் கேசட்டைப் பதிய 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. முழுத் தரத்தில் வைத்தால் ஒரு கேசட் சுமார் 635 எம்.பி. 128 ஜி.பி. பென் டிரைவில் 150 கேசட்டுக்கு மேல் அடங்கும். எம்பி3 ஆக மாற்றினால் 60 எம்.பி.க்குள் முடிந்துவிடும். முழுத் தரத்தில் ஒன்று வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு அனுப்ப எம்பி3 செய்துகொள்ளுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். டெபாசிட்டுக்கு நாமினி போடுவதைப் போலத்தான். சினிமாப் பாட்டுக் கேசட்டுகளுக்காக மெனக்கெட வேண்டாம். வீட்டுக் குரல் இருப்பதை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்லித்தான் முடித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே! நம் பேரப்பிள்ளைகளும் ஒரு வகையில் அப்படித் தூரத்தில் இருப்பவர்கள்தான். பாடுவது யார், பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம், பின்னால் கேட்கும் குரல் யாருடையது என்று கோப்பின் தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஆள் நீங்களாக இருக்கலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு டேப் டெக் இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் சங்க அறையைத் தந்தால் அதைக் கொண்டுவந்து வைக்கிறேன். கணினி தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் போதும். பதிவாகும் ஒரு மணி நேரமும் ஹெட்போன் போடாமல் எல்லோருமே கேட்கலாம். அடுத்த வீட்டுப் பாட்டியின் குரலை நாமும் கேட்டால் என்ன குறைந்துவிடும்? குடும்ப விஷயம் இருந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

இந்த மாதக் கடைசியில் பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுக்க வண்டி வருவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வண்டிக்கு முன்னால் நீங்கள் லாஃப்டில் ஏறிவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஏற வேண்டாம், பிள்ளைகளை ஏற்றுங்கள்.