கோர்வையின் மறுபக்கம்

காஞ்சிபுரத்திற்குச் செல்வோருள் பெரும்பாலோர் ஒரே நாளில் இரண்டு காரியங்களை முடித்துக்கொண்டு திரும்புகின்றனர். காலையில் கோயில், நடை சாத்தியபின் பட்டுக்கடை. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர் என்று மூன்று சன்னிதிகளையும் சேவித்துவிட்டு, காந்தி சாலையில் ஒரு மணி நேரம் செலவிட்டு, புடவைப் பெட்டியோடு பேருந்து ஏறுகின்றனர். கோயிலுக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டியே பல வேளைகளில் கடைக்கும் அழைத்துச் செல்கிறார். அதற்குக் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த செய்தி.

வழிப்போக்கர் துணி வாங்குவது தமிழகத்திற்குப் புதிதன்று. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம், பட்டாலும் மயிராலும் பருத்தி நூலாலும் நெய்யும் காருகரின் இருக்கையைத் தனியே கூறுகிறது. கடல்கடந்து வந்து தங்கிய யவனர் இருக்கையையும் அதே பாக்கத்தில் வைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் கையேடு அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. எனினும் அக்காலத்து வணிகர் பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். துணியைத் தொட்டு, விரித்து, பிறிதொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நாள் இருந்தது. இன்றைய பயணிக்கு இருப்பது பேருந்து புறப்படும் வரையிலான நேரமே.

அந்நேரத்தில் அவர் காண்பது என்ன? கடையில் புடவையை விரிப்பவர் முந்தானையைத்தான் முதலில் காட்டுவார். மயில்கண், ருத்திராட்சம், கோபுரக்கரை, மல்லிமொக்கு, இருதலைப்பட்சி என்று பெயர்களை அடுக்குவார். பெயர்கள் அழகானவை, கேட்கக் கேட்கத் தெவிட்டாதவை. வாங்குவோர் கண்ணும் அவ்வுருவங்களிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் மயிலையும் கோபுரத்தையும் இன்று விசைத்தறி நெய்துவிடும். ஜக்கார்டு அட்டையில் துளையிட்டாலும் கணிப்பொறியில் வரைந்தாலும் உருவம் வந்துவிடும். காஞ்சிபுரத்தின் கைத்திறனைக் காண வேண்டுமானால், கரையும் உடலும் சந்திக்கும் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அச்சந்திப்பிற்குக் கோர்வை என்று பெயர். கரை அரக்கு, உடல் பச்சை என்று கொள்வோம். சாதாரண நெசவில் பச்சை ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். ஆகவே அரக்குக் கரையிலும் பச்சை கலந்து, கரை தன் நிறம் மங்கித் தோன்றும். கோர்வையில் அவ்வாறு ஓடுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் இயங்குகின்றன. உடலின் ஊடை எல்லைவரை சென்று, கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்புகிறது. ஐந்தரை மீட்டர் நீளத்திற்கும் ஊடைதோறும் இந்தக் கோத்தல் நடைபெறுகிறது. நெசவாளர் ஒருவரின் இரு கைகள் இதற்குப் போதா. ஒரு பக்கக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப, குழித்தறியில் அவருக்கு அருகே இன்னொருவர் அமர்ந்தாக வேண்டும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பாவையும் மாற்ற வேண்டும். பழைய பாவின் இழை ஒவ்வொன்றையும் புதிய பாவின் இழையோடு கையால் இணைக்க வேண்டும். இழைகளோ ஆயிரக்கணக்கில். இருவரும் சேர்ந்து உழைத்து ஒரு கல்யாணப் புடவையை முடிக்கப் பத்து நாள் முதல் இருபது நாள் வரை ஆகும். நுணுக்கம் கூடினால் நாளும் கூடும்.

இதை அறிந்துகொள்ளப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. புடவையைத் திருப்பிப் போட்டுக் கரையோரத்தைப் பார்த்தால் போதும். இரு நிற இழைகளும் பல்லோடு பல் பொருந்தினாற்போல் கோத்திருப்பது தெரியும். கரைக்குள் உடலின் நிறம் ஓர் இழையும் நுழைந்திராது. சரிகைக்கும் இவ்வாறே ஓர் எளிய சோதனை உண்டு. நல்ல சரிகை என்பது சிவப்புச் சாயமிட்ட பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளிருக்கும் சிவப்பு தலைகாட்டும்.

முத்திரைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொன்றையே சொல்கின்றன. 2004-இல் வந்த சில்க் மார்க், இழை அசல் பட்டு என்று மட்டுமே உறுதி கூறும். அது கைத்தறியா விசைத்தறியா என்பது பற்றி அதற்குக் கவலை இல்லை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை நெய்த முறையைச் சொல்லும். காஞ்சிபுரம் பட்டிற்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கும் மையச் சட்டம் 1985-லேயே இயற்றப்பட்டுவிட்டது. எனினும் விசைத்தறிப் புடவை கைத்தறியின் பெயரில் விலைபோவது நிற்கவில்லை. கேட்டு வாங்குவோர் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இனி, தறியில் அமரும் அந்த இரண்டாம் ஆளைப் பற்றி. கோர்வைப் புடவை ஒரு காலத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்ததன் பின்னே கசப்பான செய்தி ஒன்று உண்டு. அவ்விடத்தில் அமர்ந்திருந்தவர் பல வீடுகளில் ஒரு குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டுத் தறிக்கு வந்த சிறுவர் சிறுமியரைப் பற்றி 1990-களில் அறிக்கைகள் பல வெளிவந்தன. அதன்பின் அரசின் முயற்சியாலும் தொண்டு நிறுவனங்களின் முயற்சியாலும் குழந்தைகள் பெருமளவு பள்ளிக்குத் திரும்பினர். அது நிகழ்ந்தே தீரவேண்டிய நன்மை. ஆனால் காலியான இடத்தில் வயதுவந்த ஒருவர் அமர்ந்தால், அவருக்கு முழுக்கூலி தர வேண்டும். அதற்கு வழியில்லாதபோது அவ்வீட்டுப் பெண்மணி, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, கூலியின்றி அவ்விடத்தில் அமர்கிறார். அதுவும் இயலாதபோது நெசவாளர் கோர்வையையே கைவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய இரகத்திற்கு மாறிவிடுகிறார்.

பேரத்தின் விளைவை இங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் பேரம் பேசுவது குற்றமன்று. அது ஒரு கலை என்றுகூட சொல்லலாம். ஆனால் புடவை விலையில் அடங்கியவற்றுள் எது இளகிக் கொடுக்கும்? பட்டு நூலின் விலை பெரும்பாலும் கருநாடகத்துச் சந்தையில் முடிவாகிறது. சரிகையின் விலை வெள்ளி விலையோடு ஏறி இறங்குகிறது. கடை வாடகையும் கமிஷனும் அசையா. எஞ்சியிருப்பது கூலி. அதிலும் முதலில் கரைவது இரண்டாம் ஆளின் கூலி. 2008-இல் வெளியான 'காஞ்சிவரம்' திரைப்படத்தின் நெசவாளர், மகளுக்கு ஒரு பட்டுப்புடவை நெய்வதற்காகத் தறியிலிருந்து இழையைத் திருடுகிறார். கதை நிகழும் காலம் பழையதெனினும், நெய்பவர் வீட்டில் நெய்யும் பொருள் இல்லாமை பழங்கதை ஆகிவிடவில்லை.

காத்திருந்து வாங்கும் வழக்கம் இந்நாட்டில் முற்றிலும் அழிந்துவிடவுமில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக்கொள்ளலாம். வழியில் வண்டியை நிறுத்தி வாங்கும் பாய் வேறு; பட்டுப்பாய் எனப்படும் மென்பாய் வேறு. தாமிரபரணிக் கரைக் கோரையை மயிர்போல் கிழித்து, ஓடும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி நெய்யப்படும் அப்பாய், சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும். 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கு அனுப்பப்பட்டதென்று அவ்வூரார் பெருமையோடு கூறும் பாய் இவ்வகையினதே. மணமக்களின் பெயர்களை நெய்து தருமாறு கல்யாண வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைப்பர். வாரக்கணக்கில் காத்திருந்து பெற்றுச்செல்வர். அங்கே நெய்பவர் பெரும்பாலும் இசுலாமியப் பெண்கள். யாருக்காக நெய்கிறோம் என்பதை அறிந்தே அவர்கள் கோரையைத் தொடுகின்றனர்.

காஞ்சிபுரத்திலும் இதற்கு இடமுண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல அவ்வூரில் இயங்குகின்றன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் தறியோசை இன்னும் கேட்கிறது. கோயிலுக்கும் பேருந்துக்கும் இடையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடுபவர், உடலுக்கு இன்ன நிறம், கரைக்கு இன்ன நிறம், கோர்வையாகவே வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டு வெறுங்கையோடு பேருந்து ஏறலாம். புடவை பின்னர் அஞ்சலில் வந்து சேரும்.