மழைக்கு முன்னே, வெளி பிளக் பாயிண்ட்டுக்கு ஒரு நல்ல மூடி



ஐப்பசி பிறக்கப் போகிறது என்றால் நாம் சில வேலைகளைத் தவறாமல் செய்துவிடுகிறோம். மொட்டைமாடியில் தண்ணீர் வடியும் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுக்கிறோம். சுவரில் விரிசல் இருந்தால் பூசுகிறோம். தெருப்பக்கம் சாய்ந்திருக்கும் மரக்கிளையைக் கழிக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வெளியே, சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்டை மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று அந்தப் பாயிண்ட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு எந்த மூடி வாங்குவது, எப்படிப் பொருத்துவது, பொருத்திய பிறகு எதைக் கவனிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வெளியே மின்சாரம் என்றால் வாசலில் ஒரு பல்பு, அவ்வளவுதான். இன்றைக்கு போர்டிகோவில் மின்சார ஸ்கூட்டர் இரவு முழுக்க சார்ஜ் ஆகிறது. பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடுகிறது. வண்டி கழுவ பிரஷர் வாஷர் வைத்திருக்கிறார்கள். கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மொட்டைமாடிச் சுவர் முழுக்க சீரியல் லைட். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற சாக்கெட் எது? ஹாலில் டி.வி.க்குப் பின்னால் மாட்டுகிற அதே சாக்கெட். அது வீட்டுக்குள் மாட்டுவதற்காகச் செய்தது. தண்ணீரைத் தடுக்க அதில் எந்த ஏற்பாடும் கிடையாது.

சரி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது? மேலிருந்து மட்டும்தான் என்று நினைத்துப் பலர் பாயிண்ட்டுக்கு மேலே ஒரு தகரத்தை வளைத்து வைத்துவிடுகிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு மழை குறுக்காக அடித்தது. காற்றோடு வரும் மழைக்குத் தகரம் ஒரு தடையே இல்லை. அடுத்து, தரையில் விழுந்து தெறிக்கிற சாரல். அது கீழிருந்து மேலே வரும். மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத வழி: சுவர். மேலே எங்கோ ஒரு விரிசலில் இறங்கிய நீர், வயர் போகும் பைப்புக்குள்ளேயே ஓடிவந்து பாக்ஸின் முதுகுப்பக்கம் நுழைந்துவிடும். முன்னால் எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் இந்தத் தண்ணீரை அது தடுக்காது. அதனால் பாக்ஸைச் சுற்றி சுவர் ஊறியிருந்தால், முதலில் அந்தக் கசிவைச் சரிசெய்யுங்கள். மூடியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மழை வந்தால் பாயிண்ட்டின் மேல் பாலிதீன் பையைப் போட்டு நூலால் கட்டுவது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். பைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் வியர்த்து, சாக்கெட்டின் பித்தளைத் தகட்டிலேயே படியும். மழை விட்ட பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். அதில் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டால் சூடும் வெளியே போகாது.

இப்போது கடைக்குப் போவோம். அட்டைப்பெட்டியில் 'வெதர் புரூஃப்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐபி என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபி 44, ஐபி 55, ஐபி 65 என்று இருக்கும். இது உலகம் முழுக்க ஒரே அளவுகோல். முதல் இலக்கம், தூசியும் பூச்சியும் எந்த அளவுக்கு உள்ளே போக முடியாது என்பதைச் சொல்லும். அது 6 வரை போகும். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது.

இரண்டாவது இலக்கம் 4 என்றால், எந்தப் பக்கத்திலிருந்து சாரல் தெறித்தாலும் பாதிப்பு வராது. 5 என்றால், குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். இதற்கான சோதனையில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சுவார்கள். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தைத் தாங்கும்.

முதல் இலக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊரில் வெளிப் பாக்ஸைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம் எறும்புக்கும் பல்லிக்கும் குளவிக்கும். வயர் முனைகளுக்கு நடுவே குளவி மண்கூடு கட்டினால், அந்த மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதுவே கரண்ட் கசிய வழியாகிவிடும்.

எந்த இடத்துக்கு எது? நன்றாக நீண்ட சன்ஷேட்டுக்கு அடியிலோ, போர்டிகோவின் உள்சுவரிலோ இருக்கிற பாயிண்ட்டுக்கு ஐபி 44 போதும். மழை நேராக அடிக்கிற வெளிச்சுவருக்கு ஐபி 55. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், வண்டி கழுவும் இடம், ஹோஸ் பைப் பிடித்துச் செடிக்கு நீர் ஊற்றும் இடம், இவற்றுக்கு ஐபி 65 அல்லது 66 வாங்குங்கள். ஆனால் ஒன்று: ஐபி 65 போட்டிருக்கிறது என்பதற்காக வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சோதனையில் பாக்ஸைத் தண்ணீருக்குள் மூழ்கடித்துப் பார்ப்பதில்லை. 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் மழையிலோ உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். பாயிண்ட் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எந்த மூடியாலும் அந்த உயரத்துக்கு ஈடு செய்ய முடியாது.

இப்போது நான் சொல்லப் போவதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

வெளிப் பாயிண்ட் மூடிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடினால்தான் மூடும். பிளக் மாட்டியிருந்தால் மூடி அதன்மேல் திறந்தபடி நிற்கும். இன்னொரு வகையில் மூடி ஆழமாக, புடைத்தாற்போல் இருக்கும். பிளக்கை மாட்டியபடியே முழுசாக மூடலாம். வயர் வெளியே வர அடிப்பக்கத்தில் ரப்பர் வைத்த சின்னப் பிளவு இருக்கும்.

முதல் வகை மலிவு. பெட்டியில் ஐபி 55 என்றுகூடப் போட்டிருக்கும். ஆனால் அந்த எண், மூடி மூடியிருக்கும் நிலைக்கு மட்டும் பொருந்தும். யோசித்துப் பாருங்கள், ஆபத்து எப்போது வருகிறது? பிளக் மாட்டி, சுவிட்சைப் போட்டு, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். இரண்டு மணிக்கு மழை கொட்டுகிறது. அந்த நேரத்தில் மூடி திறந்திருந்தால், அதன் ஐபி எண்ணால் என்ன பயன்? அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பிளக் மாட்டின பிறகும் மூடி மூடுமா? அப்போதும் இதே ஐபி எண் பொருந்துமா?" கையோடு உங்கள் சார்ஜரின் பிளக்கை எடுத்துச் செல்லுங்கள். சில பிளக்குகள் பெரிதாக இருக்கும். கடையிலேயே வைத்து, மூடிப் பார்த்து வாங்குங்கள்.

அளவையும் தெரிந்துகொண்டு போங்கள். மாடுலர் வகையில் ஒரு சுவிட்சும் ஒரு சாக்கெட்டும் சேர்ந்தால் பெரும்பாலும் 3 மாடுல் இடம் பிடிக்கும். மூடியின் கீல் மேல்பக்கம் இருப்பதே நல்லது. கையை விட்டதும் தன் எடையிலேயே அது மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் திறக்கும் மூடி காற்றுக்கு அடித்துக்கொண்டே கிடக்கும். கொக்கி இறுகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, எதனால் செய்தது என்பது. நம் ஊரில் மூடியின் பெரிய எதிரி மழையைவிட வெயில். சாதாரண பிளாஸ்டிக் ஒன்றிரண்டு கோடையிலேயே மஞ்சளித்து, நொறுங்கத் தொடங்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த பாலிகார்பனேட் வாங்குங்கள். உள்ளே ஓரம் முழுக்க ரப்பர் கேஸ்கெட் இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. தூத்துக்குடியோ நாகப்பட்டினமோ சென்னையில் பெசன்ட் நகரோ, உப்புக்காற்று இரும்புத் திருகாணியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி கேட்டு வாங்குங்கள். 316 என்ற வகை கிடைத்தால் அது கடற்காற்றுக்கு இன்னும் தாங்கும். உள்ளே வைக்கும் சாக்கெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் இருக்கட்டும்.

இனி பொருத்தும் வேலை. உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று நீங்கள் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், மெயினை அணைப்பது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அது மட்டும் போதாது. மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கும். நீங்கள் கை வைக்கப் போகிற பாயிண்ட் அந்த லைனில் இருந்தால் அதில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். அதனால் இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். டெஸ்டரை, இவற்றை அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாயிண்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, அணைத்த பிறகுதான் வேலை செய்யும் பாயிண்ட்டைச் சோதிக்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டர் எந்த இடத்திலும் எரியாது.

இரண்டாவது, வயர் பாக்ஸுக்குள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். மேல்பக்கம் ஓட்டை போட்டால் தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாக ஆகும். நுழையும் இடத்தில் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்க வேண்டும். வெளியே தொங்குகிற வயர் நேராகப் பாக்ஸுக்குள் ஏறாமல், முதலில் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து அப்புறம் மேலே வரட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மூன்றாவது, பாக்ஸும் சுவரும் சேரும் ஓரம். மேலேயும் இரண்டு பக்கத்திலும் சிலிக்கான் பூசுங்கள். கீழ் ஓரத்தைத் திறந்தே விடுங்கள். தப்பித் தவறிப் பின்னால் போகிற தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும். புளிச்ச காடி வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். சில பாக்ஸ்களில் தண்ணீர் வடிய அடியில் தட்டித் திறக்கும் குறி வைத்திருப்பார்கள். அதை மட்டும் திறக்கலாம். நாமாக வேறெங்காவது டிரில் செய்தால், அந்த ஐபி எண் அதோடு போயிற்று.

நான்காவது, எர்த். மூன்று ஓட்டைகளில் பெரியது எர்த்துக்கு. அதில் பச்சை வயர் உண்மையாகவே வந்து சேர்கிறதா, வந்த வயர் எர்த் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்று வயர்மேனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் செம்பு வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. தூரம் அதிகமானாலோ, மணிக்கணக்கில் ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதானாலோ, 4 சதுர மி.மீ. போடுங்கள்.

நல்ல மூடி போட்டாயிற்று. இனி கவலை இல்லையா? இருக்கிறது. மூடி தண்ணீரைத்தான் தடுக்கும். தண்ணீர் எப்படியோ புகுந்துவிட்டால் உயிரைக் காப்பது வேறு ஒரு கருவி. அதன் பெயர் ஆர்சிசிபி. பழைய வழக்கத்தில் இஎல்சிபி என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

"எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறதே" என்று சொல்வீர்கள். கணக்கைப் பாருங்கள். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கும் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அந்த உடம்பு வழியாக ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் தப்பான வழியில் கசிகிறது என்று தெரிந்ததும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில் லைனை வெட்டிவிடும். வாங்கும்போது 30 என்ற எண்ணைப் பாருங்கள். 100, 300 என்று போட்டவை ஆளைக் காப்பதற்கானவை அல்ல.

இனி பராமரிப்பு. மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். கேஸ்கெட் கெட்டிப்பட்டு வெடித்திருந்தால் மாற்றுங்கள். மூடியைத் தட்டினால் விரிசல் விடுகிற நிலையில் இருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள், புதிது வாங்குங்கள். எறும்பு இருந்தால், கரண்ட்டை அணைத்துவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். மருந்து அடிக்காதீர்கள். சாக்கெட்டின் ஓட்டையில் பச்சைக் களிம்போ கறுப்போ தெரிந்தால் அந்தச் சாக்கெட்டின் வேலை முடிந்தது.

பாக்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கக் கை வைக்காதீர்கள். முதலில் வீட்டுக்குள் போய் அந்த லைனின் எம்சிபியை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். வயர்மேன் வந்து பார்க்கும்வரை அதைப் போட வேண்டாம். சீரியல் லைட்டுக்காக வீட்டுக்குள் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் போர்டை ஈர மாடித் தரையில் போடுவதும் கூடாது. சுவரில் இருக்கிற நல்ல மூடி, தரையில் கிடக்கிற போர்டைக் காக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். இது அலங்காரச் செலவு அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நேயர்களே, வயர்மேன் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மெயின் போர்டில் ஆர்சிசிபி இருந்தால், அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் நல்லது, மறுபடி தூக்கிவிடுங்கள். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு கருவியே போர்டில் இல்லை என்றாலோ, மூடி வாங்குவதற்கு முன்பு வயர்மேனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள். மழை தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.