கட்டிலருகே வரும் கைகள்
(சங்கரன்கோவிலில் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு குடும்பமே பஸ் ஏறிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த அன்பை நாங்கள் குறைகூறவில்லை. அன்போடு கூடவே வார்டுக்குள் நுழையும் ஒன்றைப்பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கேண்டிடா ஆரிஸ் என்பது ஒரு பூஞ்சைக் கிருமி. ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டெடுக்கப்பட்டு, 2009இல் பெயரிடப்பட்டது. 'ஆரிஸ்' என்றால் லத்தீனில் காது. டில்லி மருத்துவமனைகளிலும் இது நோய் உண்டாக்கியதை மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் மருந்துக்கு இது பெரும்பாலும் அடங்குவதில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் மிக அபாயமானவை என்று குறித்த 4 பூஞ்சைகளில் இதுவும் ஒன்று.

சுகமாயிருப்பவர் தோலில் இது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பவர் இரத்தத்தில் இறங்கினாலோ உயிருக்கே ஆபத்து. கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் இது காணப்பட்டது. தேடிப்பார்த்தபோது, அக்குளில் வைக்கும் வெப்பமானிக் கருவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியதே முக்கிய காரணமாகத் தெரிந்தது. அதை நீக்கினார்கள், தொற்று குறைந்தது.

ஆக, புதிய மருந்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடியது உண்டு. தொற்றுள்ளவருக்குத் தனி அறை, அவருக்கென்றே தனி வெப்பமானி, குளோரின் கலந்த நீரால் துடைத்தல், தேவையற்ற மருந்துகளைத் தவிர்த்தல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கை கழுவுதல். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் தோஷம் கண்ட வீட்டை ஆசாரியன் அடைத்துவைக்கிறான். கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டச் சொல்லுகிறான். சுத்தம் பார்ப்பதும் அவன் ஊழியமே.

இதில் எங்களுக்கும் ஓர் அறிக்கை உண்டு. ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில் ஒரு நோயாளியின் நெற்றியில் கைவைத்து ஜெபித்து, அதே கையோடு அடுத்த கட்டிலுக்குப் போனோம். ஒருநாள் வயதான நர்சம்மா ஒருவர் வழிமறித்து, "ஐயா, முதல்ல கையக் கழுவுங்க, அப்புறம் ஜெபம் பண்ணுங்க" என்றார். வெட்கப்பட்டோம். அந்தக் கை அதுவரை எதைச் சுமந்ததோ, யாருக்குக் கொடுத்ததோ, கர்த்தரே அறிவார்.

பிரியமானவர்களே, கட்டிடத்துக்குக் கொடுக்கும்போது கல்வெட்டில் பெயர் வரும். சோப்புக்கும் கையுறைக்கும் கொடுத்தால் வராது. ஆனாலும் அதற்கும் கொடுங்கள். நோயாளியைப் பார்க்க வருகையில் ஒருவர் இருவராய் வாருங்கள், கட்டிலில் உட்காராதிருங்கள், உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கை கழுவுங்கள். கழுவிய கையோடு ஜெபிப்போம்.