துளையும் இலையே



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதை குறித்துப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ என் வீட்டுக் கொடியொன்றைப் பற்றிப் பேச விழைகிறேன்.

மான்ஸ்டெரா ஒப்ளிகுவா என்பது நடு, தென் அமெரிக்க மழைக்காடுகளில் மரமேறி வளரும் கொடி. நம் சேம்பும் கருணையும் அதன் குடும்பத்தவையே. 1844இல் மிக்கேல் எனும் தாவரவியலார் அதற்குப் பெயரிட்டார். பெரு நாட்டு வகையில் இலையினும் துளையே மிகுதி. அவை பூச்சி அரித்தவை அல்ல. இலை விரியுமுன்னரே அவ்விடத்துச் செல்கள் தாமே மடிந்து வழிவிடுகின்றன. காட்டின் அடியில் ஒளி பொட்டுப் பொட்டாகவே விழும். இலைப்பொருளைத் துளைவிட்டு அகலப் பரப்பினால் அவ்வொளி சீராகக் கிட்டும் என்று 2013இல் கிறிஸ்டோபர் மியூர் விளக்கினார்.

அக்கொடியே என்று நம்பி, பெரும்பொருள் கொடுத்துத் துண்டொன்று வாங்கினேன். நாள்தோறும் நீர் வார்த்தேன், வேர் அழுகிற்று. அழுகலை அரிந்து, கணுவுள்ள தண்டை நீரிலிட்டேன், பிழைத்தது. தென்னை நார் சுற்றிய கொம்பு நட்டு, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விட்டேன். கொடி ஏறியது, இலை பெருத்தது, உண்மையும் வெளிப்பட்டது. இலை தடிப்பு, துளை குறைவு. அது எளிதில் கிடைக்கும் மான்ஸ்டெரா அடன்சோனி!

பிடுங்கி எறியக் கை நீண்டது. அப்போது ஒன்று நினைவிற்கு வந்தது. வட்டத்தின் முதலாண்டில் ஓர் இளைஞர் வாசித்த கவிதையைப் ‘புதிதன்று’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கினேன். பின்னர் அவர் வரவேயில்லை. அரியதைத் தேடிய கண், வளர்வதைக் காணத் தவறியது. கொடியை விட்டுவிட்டேன், இன்று அது சன்னலின் தலையைத் தொட்டுவிட்டது.

இவ்வினத்து வேறொரு கொடியைக் கோஸ்ட்டாரிக்காவில் ஆராய்ந்த ஸ்ட்ராங், ரே இருவரும் 1975இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அதன் நாற்று முதலில் ஒளியை நாடுவதில்லை. இருளை நோக்கி ஊர்கிறது. அவ்விருள், அடிமரத்தின் நிழல். மரத்தைப் பற்றிய பின்னரே ஒளிநோக்கி ஏறுகிறது.

இளங்கவிஞர்க்கு இவ்வட்டம் அந்த அடிமரமாக விளங்க வேண்டும். இவ்வுரை மலரில் அச்சேறும் என்றார்கள். அவ்விளைஞர் இதைக் காண நேர்ந்தால், என் பிழை பொறுத்து மீண்டும் வர வேண்டுகிறேன்.