ரெண்டு ரூபாய் சந்தேகம்

காட்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பென்னாகரத்து மக்களே!

"ஓட்டுப் போட வர்றவங்க அட்டையைக் காட்டினா தேஞ்சா போயிடுவாங்க?" என்று எதிர்மேடையில் கேட்கிறார்கள். 1993-ல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் புகைப்பட அட்டை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றபோது கைதட்டியவன் நான். கள்ள ஓட்டு ஒழியட்டும் என்றுதான் தட்டினேன்.

ஒழிந்ததா? 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல். அட்டை இருந்தது, அட்டை இல்லாதவர் காட்டுவதற்கு வேறு ஆவணங்களின் பட்டியலும் இருந்தது. அப்படியும் நம்ம பாப்பிரெட்டிப்பட்டியில் முறைகேடு என்று புகார் கிளம்பி, 8 வாக்குச்சாவடிகளில் மே 19-ல் மறுபடி ஓட்டுப்பதிவு நடந்தது. சாவடியையே வளைக்கத் துணிகிறவனை அட்டை என்னய்யா செய்யும்?

அட்டை யாரைத் தடுக்கிறது என்று சொல்கிறேன். ஒரு தேர்தலில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து இறங்கி ஒரு அம்மா வந்தார். மஞ்சப்பைக்குள் பாலிதீன் கவர், அதற்குள் ஒரு துணி முடிச்சு, முடிச்சை அவிழ்த்தால் ரேஷன் கார்டு. அதிகாரி பட்டியலைப் பார்த்தார். பாஸ்போர்ட் இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இல்லை! "வேற ஏதாச்சும் கொண்டாங்கம்மா" என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்ட் அவரை "சின்னம்மா" என்று கூப்பிடுகிறவன். அந்த அறையில் அவர் யாரென்று தெரியாதவர் அதிகாரி ஒருவர்தான். அம்மா முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். மாலை வரை வாசலையே பார்த்திருந்தேன், வரவில்லை.

அந்தக் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தானே என்பார்கள். சரி, படம் இருக்கிற தலைவிக்காவது ஏற்றுக்கொள்ளுங்களேன்!

சந்தேகப்படுவதற்கும் ஒரு விதி உண்டு. 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளைப் புரட்டிப் பாருங்கள். வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால், அவர் 2 ரூபாய் கட்டிவிட்டுத்தான் ஆட்சேபிக்க வேண்டும். வீண் சந்தேகம் என்றால் அந்தக் காசு போச்சு. அன்றைக்கு ரெண்டு ரூபாய் சின்னக் காசில்லை. சந்தேகப்படுகிறவன் முதலில் மடியை அவிழ்க்கட்டும் என்று வைத்தார்கள்.

இப்போது அது தலைகீழ், சந்தேகத்துக்கு ஆளானவன்தான் மடியை அவிழ்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று 2025 நவம்பர் 4-ல் தொடங்கினார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. செத்தவர் பெயரை எடுங்கள், ரெட்டைப் பதிவை எடுங்கள், யார் வேண்டாமென்றார்? ஆனால் அதில் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்களாம். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று பாதி வருஷம் வீட்டைப் பூட்டிப் போகும் ஊர் இது. பூட்டைப் பார்த்தால் இடம் மாறியவன், பொங்கலுக்கு வந்தால் ஊர்க்காரனா?

2021 சட்டமன்றத் தேர்தலில் நம்ம மாவட்டத்துப் பாலக்கோட்டில் 87 சதவீத ஓட்டுப்பதிவு, தமிழ்நாட்டிலேயே அதிகம். கோட்டூர் மலைக்கு ஓட்டு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோன மாவட்டம் இது. இயந்திரம் மலையேறலாம், ரேஷன் கார்டு மட்டும் ஆவணப் பட்டியலில் ஏறக்கூடாதா?

பூத்தில் உட்காரப் போகும் தம்பிகளே, ஆளுக்கொரு 2 ரூபாய் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எவனாவது நம்ம கிழவியைப் பார்த்து "இவங்க இல்ல" என்று வாயால் மட்டும் சொன்னால், விதியைக் காட்டி "காசை எடு" என்று கேளுங்கள். அவனிடம் சில்லறை இல்லையென்றால் நீங்களே கடன் கொடுங்கள்.