பூமி தாழ்வது யாரால்?

(உத்திரமேரூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று இக்கூட்டத்தில் பூமி தாழ்வதைப் பற்றியும் அதை ஆகாயத்திலிருந்து அளப்பதைப் பற்றியும் பேச வேண்டுமென்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் காலேஜில் படித்தவர்களல்ல. படித்தவர்களிடம் கேட்டும், கிடைத்த புஸ்தகங்களைப் புரட்டியும், நமது சொந்த புத்தியில் உரைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் வீட்டில் நடுச் சுவர் வெடித்தது. உடனே சோதிடனைக் கூப்பிட்டார்கள். வாஸ்து புருஷன் புரண்டு படுத்துவிட்டான் என்று அவன் சொன்னான். பூசை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், வாசற்படியை இடித்து வேறு பக்கம் வைத்தார்கள். விரிசல் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு கொத்தனார் வந்து தோண்டிப் பார்த்தார். சாக்கடைத் தண்ணீர் இறங்கி இறங்கி அஸ்திவாரத்து மண் கரைந்து போயிருந்தது. பூசைக்குச் செலவழித்த பணத்தில் பாதி இருந்தால் முதலிலேயே சாக்கடையைக் கட்டியிருக்கலாம். ஒரு வீட்டுக்கு நேர்ந்த இந்தக் கதை ஓர் ஊருக்கே நேர்ந்தால் என்ன ஆகும்? அப்படியும் நேர்ந்திருக்கிறது, தோழர்களே!

வடக்கே உத்தராகண்டத்தில் ஜோஷிமட் என்று ஓர் ஊர். ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமான மலைச்சரிவில் இருப்பது. பத்ரிநாத் போகிறவர்கள் தங்கிப் போகும் க்ஷேத்திரம். ஆதிசங்கரர் மடம் உள்ள இடம். அங்கே ஒரு நரசிம்மன் கோயில். அந்தச் சிலையின் கை நாளுக்கு நாள் மெலிந்து வருகிறதென்றும், அது முறிந்து விழும் நாளில் மலைகள் சேர்ந்து பத்ரிநாத் வழி அடைபட்டுப் போகுமென்றும் ஒரு கதை. இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் 1976-ம் வருஷத்தில் மிஸ்ரா என்ற கமிஷனர் தலைமையில் கூடிய கமிட்டியார் வேறொன்று சொன்னார்கள். இந்த ஊர் பாறையின் மேல் இல்லை, பழைய மலைச்சரிவில் வந்து குவிந்த மண்ணும் கல்லுமான குவியலின் மேல் இருக்கிறது. ஆகவே அடிவாரத்துப் பாறைகளைத் தோண்டாதே, வெடி வைக்காதே, மரத்தை வெட்டாதே, தண்ணீர் வடிய நல்ல கால்வாய் கட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். சிலையின் கையைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. கமிட்டி எழுதியதை எத்தனை பேர் படித்தார்கள்? அடுக்கு மாடி ஓட்டல்கள் எழும்பின, ரோடுகள் அகன்றன, மலைக்குள் சுரங்கம் தோண்டினார்கள். 2023 ஜனவரியில் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. குளிர்காலத்தில், குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அத்தனை சாமிகள் குடியிருக்கும் ஊரில் ஒரு சாமியாவது முன்கூட்டி, "அப்பா, வீட்டைக் காலி செய்" என்று சொல்லிற்றா?

சாமி சொல்லவில்லை. ஆனால் ஒரு யந்திரம் சொல்லிற்று. ஆகாயத்தில் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோளின் ரேடார் சொல்லிற்று. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார் அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் பார்த்ததில், 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த ஊர் சுமார் 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதென்றும், பிறகு டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை பன்னிரண்டே நாளில் 5.4 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று விரல் அகலம், தாழ்ந்திருக்கிறதென்றும் தெரிந்தது.

எப்படி அளக்கிறார்கள்?

அவ்வளவு உயரத்திலிருந்து மூன்று விரல் அகலத்தை அளக்க முடியுமா, இது புராணப் புளுகுபோல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் நம்பினால் நமக்கும் புராணிகனுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு சிறு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு 5.6 சென்டிமீட்டர். ஆரக்கால்களில் ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறது. அந்தச் சக்கரம் மேலிருந்து பூமிக்கு உருண்டு வந்து, தரையைத் தொட்டு, மறுபடியும் மேலே உருண்டு போகிறது. போய்ச் சேர்ந்தபோது சிவப்பு ஆரக்கால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுகிறோம். பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்திலிருந்து மறுபடியும் உருட்டுகிறோம். தரை அப்படியே இருந்தால் ஆரக்காலும் அப்படியே நிற்கும். தரை 7 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், போக 7, வர 7, ஆக 14 மில்லிமீட்டர் தூரம் கூடும். அது கால் சுற்று. ஆரக்கால் கால்வட்டம் தள்ளி நிற்கும். ரேடார் அலையும் இந்தச் சக்கரம் போன்றதுதான். ஐரோப்பியர்கள் 2014 முதல் அனுப்பிய சென்டினல் கோள்களின் அலை நீளம் 5.6 சென்டிமீட்டர். இரண்டு நாட்களில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஆரக்கால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்ப்பதே இந்த வித்தையின் சாரம். இது இருட்டிலும் பார்க்கும், மேகத்தையும் ஊடுருவும். கலிபோர்னியாவில் 1992-ல் நடந்த லேண்டர்ஸ் பூகம்பத்தில் பூமி எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இப்படி அளந்து 1993-ல் வெளியிட்டார்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. சக்கரம் முழுச் சுற்றாகச் சுற்றிவிட்டால் ஆரக்கால் பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒரேயடியாக அதிகம் தாழ்ந்தால் கணக்குக் குழம்பும். காற்றிலுள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தும். பயிர் வளர்ந்துவிட்ட வயலில் சிற்றலை கலைந்துபோகும். மேலும் அது சாய்வாகப் பார்ப்பதால் நேர் கீழான இறக்கத்தைத் தனியே கணக்கிட வேண்டும். ஆகையால் தரையிலும் கருவி வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லுவது விஞ்ஞானம். எந்த வேதமாவது தன்னிடம் இன்ன இடத்தில் பிசகு இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறதா?

இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்க, அமெரிக்காவின் நாஸாவும் நமது இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் என்ற கோள் 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஒரு ரேடாரின் அலை 24 சென்டிமீட்டர் நீளம். இலை தழைகளுக்குள் நுழைந்தும் தரையைப் பார்க்கக் கூடியது. 12 மீட்டர் அகல வலைக்குடையை விரித்துக்கொண்டு பன்னிரண்டு நாளுக்கொரு முறை அதே வழியே வருகிறது. ராக்கெட் விடுமுன் அதன் சிறு பொம்மையைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பாதத்தில் வைக்கும் வழக்கம் நமது விஞ்ஞானிகளுக்கு இருக்கிறது. கணக்குப் பிசகினால் அந்தப் பொம்மை ராக்கெட்டைத் தாங்கிப் பிடிக்குமா? கணக்குச் சரியாயிருந்தால் பொம்மைக்கு அங்கே என்ன வேலை?

நமக்கென்ன இதனால்?

ஜோஷிமட் எங்கோ மலையில் இருக்கிறது, நாம் சமவெளியில் இருக்கிறோம் என்று நினைக்கலாம். தோழர்களே! மலை சரிவது ஒரு வகை. தண்ணீரை உறிஞ்சுவதால் நிலம் அமுங்குவது இன்னொரு வகை. பூமிக்கடியில் களிமண்ணும் வண்டலும் அடுக்கடுக்காக உள்ள இடத்தில் அந்த மண்ணைத் தாங்கி நிற்பதில் ஊற்று நீருக்கும் பங்குண்டு. மழை கொடுப்பதைவிட அதிகமாக ஆழ்கிணற்றில் இறைத்தால், பழைய இலவம்பஞ்சு மெத்தைபோல் மண் அமுங்கிவிடும். அமுங்கிய களிமண் பிறகு மழை பெய்தாலும் முழுதாக எழும்பாது. மெக்ஸிகோ நகரில் சில இடங்கள் வருஷத்துக்கு ஒரு முழத்துக்குக் குறையாமல் இப்படித் தாழ்கின்றன. டில்லி விமான நிலையத்துக்கருகே கபாஷேரா என்ற இடம் 2014 முதல் 2016 வரை வருஷத்துக்கு 11 சென்டிமீட்டர் போலத் தாழ்ந்ததாக ரேடார் கணக்குச் சொல்லுகிறது. டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா, பெங்களூர் ஆகிய ஐந்து நகரங்களில் 878 சதுர கிலோமீட்டர் நிலம் தாழ்ந்து வருவதாக 2025-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சென்னையில் மிக அதிகம் தாழும் இடம் வருஷத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர்.

உத்திரமேரூர் தாழ்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. பாறைமேல் உள்ள நிலம் அவ்வளவாக அமுங்காது. களிமண்மேல் உள்ளது அமுங்கும். உங்கள் நிலம் எந்த வகை என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். அளப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1802-ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலையடியில் சங்கிலி போட்டு அளந்த கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் அளக்கும் பெரிய வேலை புறப்பட்டது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். ஜோஷிமட் தாழ்ந்த கணக்கு 2023 ஜனவரி நடுவில் வெளியானவுடன் என்ன நடந்தது தெரியுமா? அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தார், அனுமதியில்லாமல் இவ்விஷயமாய்ப் பத்திரிகைகளுக்கு எதுவும் சொல்லக்கூடாதென்று விஞ்ஞான ஸ்தாபனங்களுக்கு எழுதினார்கள். ஜனங்களுக்குக் குழப்பம் வருமாம்! கூரை விழுகிறவனுக்குக் கூரை எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால் குழப்பமாம்! கோர்ட்டு கேள்வி கேட்ட பிறகு, அந்த வருஷம் செப்டம்பரில்தான் அறிக்கைகள் வெளியே வந்தன. சூத்திரன் வேதம் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த பழைய புத்தியின் வாசனை இதில் வீசுகிறதா இல்லையா? அன்று வேதத்தை மறைத்தார்கள். அதனால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. இன்று கணக்கை மறைக்கிறார்கள். அதனால் உயிரே போகும்.

இந்த ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை என்று அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்பது அதன் சட்டம். உழுதவனுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஆகவே அந்தப் பெருமையில் நமக்குப் பங்கில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய அந்தச் சபையார் தங்கள் விதிகளைச் சுவரில் வெட்டி வைத்தார்கள். இன்றும் எவரும் போய்ப் பார்க்கலாம். இன்றைய சர்க்கார் மக்களின் வரிப்பணத்தில் எடுத்த கணக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டது.

ஆகையால் தோழர்களே! அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நமது கிணற்று நீர் மட்டம் வருஷா வருஷம் எவ்வளவு இறங்குகிறது? ஏரிக்கு வரும் கால்வாய்கள் தூர் எடுக்கப்பட்டனவா? நமது நிலம் தாழ்கிறதா, தாழ்ந்தால் எவ்வளவு? பதிலைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் அளக்கச் சொல்லுங்கள். சுவர் வெடித்தால் சோதிடனிடம் போகாதீர்கள்; கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அதிகாரி "எல்லாம் சரியாயிருக்கிறது" என்று வாயால் சொன்னால் அதையும் நம்பாதீர்கள்; அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் பிசகு இருந்தால் யாரும் மேடைக்கு வந்து தாராளமாய்ச் சொல்லலாம்; திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறோம்.