ஐயம் வேறு, தீர்ப்பு வேறு



எங்கள் வடகரையில் விருந்துக்குக் குருமா வைப்போர் தேங்காயுடன் கசகசாவை அரைத்துச் சேர்ப்பர். அக்கசகசா அபினிச் செடியின் விதை என்பதை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? சமையலில் சேரும் அளவால் நமக்கு மயக்கம் வருவதில்லை. எனினும், அச்செடியின் காயிலுள்ள பாலில் மார்பின் என்னும் பொருள் உண்டு. அது விதைமேல் சிறிது ஒட்டியிருத்தல் கூடும். அவ்விதையை மிகுதியாக உண்டவரின் சிறுநீரில் மார்பின் தென்படவும் கூடும். விமானி ஒருவர் விருந்துண்டு பணிக்குச் சென்றால், அவரை அபினி உண்டவர் என்று தள்ளிவிடலாமோ?

இது வீண் வினா அன்று. விமானம் ஓட்டுவோரையும் வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோரையும் முன்னறிவிப்பின்றித் தேர்ந்து சிறுநீர்ச் சோதனை செய்யும் விதி, 2022-ஆம் ஆண்டு சனவரி 31 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் அவர் கையில் இருப்பதால் இச்சோதனை இன்றியமையாதது. அவருடைய பிழைப்பும் மானமும் இதில் அடங்கியிருப்பதால், அது பிழையற நடத்தலும் இன்றியமையாதது.

உட்கொண்ட பொருளை ஈரல் சிதைக்கிறது. சிதைந்த கூறுகளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. குருதியில் மறைந்த பின்னும் அவை சிறுநீரில் சில நாள் காணப்படும். கொடுத்த சிறுநீரின் வெப்பத்தை உடனே அளப்பர்; வேறொன்றை மாற்றி வைத்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பின்னர்ப் புட்டியில் அடைத்து முத்திரையிட்டு, கைமாறுந்தோறும் கையொப்பம் பெறுவர்.

சோதனை இரு படிகளை உடையது. முதற்படியில், குறிப்பிட்ட பொருளோடு மட்டும் பொருந்துமாறு அமைந்த எதிர்ப்பொருளைச் சேர்ப்பர். இது விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆனால் உருவொத்த பொருளைக் கண்டும் ஏமாறும். சளிக்கு உண்ணும் சில மருந்துகள்கூட அதனை மயக்கியதுண்டு. ஆதலின் இரண்டாம்படியில், கலந்துள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் நிறையை நுண்கருவியால் அளப்பர். பொற்கொல்லர் முதலில் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, ஐயமெழுந்தால் உருக்கிப் பார்ப்பது போன்றது இது.

இதனோடு அளவும் கருதத்தக்கது. அபினி வகைக்கு ஒரு மில்லிலிட்டரில் 300 நானோகிராம் என்றிருந்த எல்லையை, அமெரிக்க அரசு 1998-இல் 2000 ஆக உயர்த்தியது. நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. கசகசா உண்டவர் குற்றவாளி ஆகாதிருத்தலே அம்மாற்றத்தின் காரணங்களுள் முதன்மையானது.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். அப்பொருள் உடலுள் சென்றதைச் சிறுநீர் கூறும். அவர் இப்பொழுது மயக்கத்தில் உள்ளார் என்று கூறாது. நாள்தோறும் கஞ்சா பயின்றவரின் சிறுநீரில் அதன் சுவடு வாரக்கணக்கில் நிற்கும். நம் நாட்டு விதியும், முடிவு உறுதியாகும் வரை ஒருவரைப் பணியினின்று விலக்கி வைக்கிறது. முதன்முறை உறுதியானால் சிகிச்சைக்கு அனுப்புகிறது.

நான் ஆசிரியனாய் இருந்த நாளில், இரு மாணவரின் விடைத்தாள்கள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தன. பார்த்து எழுதினர் என்று பிரம்பை எடுத்தேன். பின் ஏதோ தோன்ற, இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். இருவரும் தடையின்றி ஒப்பித்தனர். ஒரே குறிப்பேட்டை மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். அன்று ஓங்கிய கை இன்றும் எனக்கு நாணம் தருகிறது.

ஐயுறுவது தவறன்று, ஐயத்தையே தீர்ப்பாகக் கொள்வதுதான் தவறு. நாளை நீங்கள் சோதிக்கும் இடத்தில் இருந்தாலும், சோதிக்கப்படும் இடத்தில் இருந்தாலும், இதனை நினைவிற் கொள்ளுங்கள்.